மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரச் சுருக்கம்

திருக்கைலாய பரம்பரைத் திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவானாக விளங்கிய திரிசிரபுரம் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைத் தமிழுலகம் அறியும். எவ்வாறு அறியும் என்று வினாவின், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களுக்கு ஆசிரியர் என்னும் அளவிலேயே பெரும்பாலும் அறியும் என்று விடையிறுத்தல் வேண்டும். மாணாக்கராற் புகழ்பெறுதல் ஆசிரியர்க்குப் பெருமையே. எனினும், 22 தலபுராணங்களும் 10 பிள்ளைத்தமிழ்களும் அவற்றொடு அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, மாலை என்னும் பிரபந்தங்கள் பலவும் இயற்றிய ஒருவர், தம் நூல்களால் அறியப்படாது, பிறரொருவர் வரலாற்றில் வந்துபோகும் பாத்திரமாக நின்றுவிடுதல் முறையன்று. அந்நூல்களைத் தம் சரசுவதி பண்டாரங்களில் வைத்திருக்கும் மடங்களைச் சார்ந்த நம்மனோர்க்கு அது பின்னும் முறையன்று. ஆதலின் இப்பெருந்தகையாருடைய வரலாற்றை, அவர் கல்வியைப் பெற்ற வகையும் அதனை வழங்கிய வகையும் விளங்குமாறு ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தாம்.

பிள்ளையவர்களுடைய தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையார் மதுரைத் திருக்கோயிலில் மீன்முத்திரைப் பணி பூண்டிருந்தவர். பின்னர் அந்நகரை விட்டு வடக்கே போந்து, திரிசிரபுரத்தைச் சார்ந்த எண்ணெயூர், அதவத்தூர், சோமரசம்பேட்டை என்னும் ஊர்களில் திண்ணைப்பள்ளி நடத்திச் சிறுவர்க்குத் தமிழும் கணக்கும் கற்பித்து வாழ்ந்தார். பவ வருடம் பங்குனி மாதம் 26ஆம் நாள், அஃதாவது 1815ஆம் வருடம் ஏப்ரல் மாதம் 6ஆம் நாள், நம் புலவர் பெருமான் தோன்றினார். பிரிந்து வந்த மதுரையை மறவாத தந்தையார் அப்பதியில் எழுந்தருளிய பெருமான் திருநாமத்தையே மகவுக்கு இட்டனர்.

நெடுங்கணக்கு முதல் நிகண்டு, அந்தாதி, சதகங்கள் ஈறாகத் தந்தையாரே ஆசிரியராக இருந்து கற்பித்தார். அத்திண்ணைப்பள்ளிக் கல்வி இக்காலத்தார் எண்ணுவதுபோல் இழிந்ததன்று. ஒருமுறை கேட்டதை நெஞ்சில் நிறுத்தும் வன்மையும், செய்யுளின் ஓசை பிழையாது செவி அறியும் வன்மையும் அதனாலேயே அக்காலத்தார்க்கு உண்டாயின. பிள்ளையவர்கள் பிற்காலத்தில் ஏட்டைக் கையிலெடாமலே பாடஞ்சொல்லிய திறத்துக்கு வித்து அப்பள்ளியில் இடப்பட்டது. 15ஆம் வயதளவில் தந்தையார் சிவபதம் அடைந்தனர். குடும்பச் சுமை தம் தலைமேல் விழுந்த அப்பருவத்திலும் இவருக்கு உள்ள கவலை ஒன்றே: இனி யாரிடம் கற்பது என்பது.

அக்காலத்து நிலையை இங்கே சிறிது கூறல் வேண்டும். அச்சுநூல் அரிது. இலக்கண இலக்கியங்களும் சாத்திரங்களும் ஓலைச்சுவடிகளாய்ச் சிலர் வீட்டுப் பரணிலும் சில மடங்களிலும் கிடந்தன. சுவடி உடையவர் எல்லாரும் பொருளறிந்தவரல்லர். பொருளறிந்தவர் எல்லாரும் சொல்லுபவரல்லர். ஒரு நூலுக்கு உரையறிந்த ஒருவர் அவ்வறிவையே தம் சொத்தாகப் பாவித்து, தம் மகனுக்குந் தாராது அதனொடு மாண்டுபோதலும் உண்டு. இந்நிலையில், கற்க விரும்பிய ஏழைச் சிறுவன் ஒருவன் நூல்தோறும் ஓராசிரியரைத் தேடி, அவர் மனம் கனியுமளவும் வாயிலிற் காத்துக் கிடத்தல் வேண்டும். பிள்ளையவர்கள் அங்ஙனமே கிடந்தார்.

திரிசிரபுரத்தில் வந்து குடியேறிய பின், உறையூர் முத்துவீர வாத்தியார், வேலாயுத முனிவர், மருதநாயகம் பிள்ளை முதலியோரை அடுத்தடுத்து வழிபட்டுக் கற்றார். முத்துவீர வாத்தியார், முத்துவீரியம் என்னும் ஐந்திலக்கண நூலைச் செய்தவர். ஒருவரிடம் இலக்கணம், ஒருவரிடம் சைவ சாத்திரம், மற்றொருவரிடம் பிரபந்தம் என்று இங்ஙனம் சிறுகச் சிறுகத் தொகுத்த கல்வியே இவரது கல்வி.

இவர் தண்டியலங்காரம் கற்ற வரலாறு கேட்போர்க்கு நகையும் இரக்கமும் ஒருங்கே விளைப்பது. அணியிலக்கணம் சொல்லவல்லார் அந்நகரில் வேறு எவரும் இலர். வீடுதோறும் சென்று பிச்சை ஏற்றுண்ணும் பரதேசி ஒருவர் மட்டும் அதனை நன்கு பயின்றிருந்தார். அவரோ செருக்கு மிக்கவர்; யாரையும் மதியார்; கஞ்சாப் பழக்கமும் உடையவர். பிள்ளையவர்கள் அவர் பின்னே தெருத்தெருவாக நடந்து, அவர் விரும்பிய கஞ்சாவையும் பிறவற்றையும் தேடிக் கொடுத்து, அவர் உவந்திருக்கும் சமயம் பார்த்து, ஒன்றும் இரண்டுமாக அச்சூத்திரங்களைப் பொருளொடு கேட்டு முடித்தார். கற்பிப்பார் எத்தகையரேனும் கற்கப்படுவது கலைமகளின் திருவுருவமே என்னும் தெளிவு இல்லாதவர்க்கு இது கூடாது. பெரிய இடத்துப் பிள்ளைகள் இப்பணியை இழிவென்று எண்ணி அந்நூலை இழந்தனர்; இவர் பெற்றார்.

பின்னர் ஒருமுறை சென்னை சென்று, அங்கே புகழொடு விளங்கிய காஞ்சீபுரம் சபாபதி முதலியார், திருவம்பலத்தின்னமுதம் பிள்ளை முதலிய வித்துவான்களைக் கண்டு தம் ஐயங்களை நீக்கிக்கொண்டார். திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து அங்குள்ள பெரியோரை வழிபட்டு, முன்பு கேளாத நூல்கள் சிலவற்றைக் கேட்டார். இதற்குள்ளாகவே திருச்சிராமலை யமகவந்தாதி, திருவானைக்கா அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் முதலிய பிரபந்தங்களால் இவர் பெயர் சோழநாடெங்கும் பரவியிருந்தது. இவர் வேண்டியதோ புகழன்று. புதிய சுவடி ஒன்று ஓரிடத்தில் உண்டென்று கேட்டால், வெயிலென்றும் மழையென்றும் பாராது அங்கே செல்லுதலும், கடனாகப் பெற்றுப் படியெழுதிக்கொண்டு மீட்டலும் இவரது இயல்பு.

இவ்வாறு இரந்து பெற்ற கல்வியை இவர் வழங்கிய முறையைக் காணின், பட்ட துன்பத்திற்குப் பழிவாங்குதல் என்பது இதுவோ என்று வியக்கத் தோன்றும். தமக்கு நூலை மறைத்தவர் பலர். இவர் யாருக்கும் எதனையும் மறைத்திலர். வந்தவர் எவராயினும் ஏற்றுக்கொண்டார். உணவுக்கு வழியில்லாத மாணாக்கர்க்கு உணவும் தாமே அளித்தார். பொருள் கொணர்ந்து கொடுத்தவன் முன்னிருக்க ஏழை பின்னிருந்தான் என்பது இவரது பாடசாலையில் இல்லை. சோடசாவதானம் சுப்பராய செட்டியார், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராய் விளங்கிய தியாகராச செட்டியார், ஆதீனத்துத் தம்பிரான்கள் பலர், அந்தணர், வேளாளர், பிற வகுப்பினர் எல்லாரும் இவரிடம் ஒருங்கிருந்து கற்றனர். புதுவையைச் சார்ந்த சவரிராயலு நாயகரும், இறுதிவரை உடனுறைந்து பணிசெய்த சவேரிநாத பிள்ளையும் கிறிஸ்து மதத்தினர். நாகூர்க் குலாம்காதிறு நாவலர் இசுலாமியர். சிவபூசை தவறாத, திருநீறும் உருத்திராக்கமும் நீங்காத, சிவபெருமானையன்றிப் பாடாத ஒருவர் இவரையெல்லாம் தம் மக்களாகப் பாவித்தார். சமயவுறுதி உடையார்க்குப் பிறர்பால் வெறுப்புத் தோன்றுவது இயல்பென்று கூறுவார், இவரது வாழ்க்கையைப் பார்த்துப் பேசுதல் நன்று.

சிவபெருமானையன்றிப் பாடாதவர் என்றேம். அதற்கு ஒரு புறனடை உண்டு. அப்புறனடையே இவரது வள்ளன்மையின் எல்லையைக் காட்டுவது. பெங்களூரில் வாழ்ந்த வல்லூர் தேவராச பிள்ளை என்னும் செல்வர் இவரை அழைத்து வைத்துக்கொண்டு தமிழ் கற்றார். அங்கிருந்த காலத்தில் பிள்ளையவர்கள் சூதசங்கிதையைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். கண்ணபிரானுக்கு இளமைத் தோழராகிய குசேலர் கதையை விரித்துக் குசேலோபாக்கியானம் என்னும் காவியமும் பாடினார். பாடிய காவியத்தைத் தம் பெயரால் வெளியிடாது, கற்ற மாணாக்கர் பெயராலேயே வழங்கச்செய்தார். தேவராச பிள்ளை இயற்றியது என்றே அந்நூல் அச்சேறிற்று. பள்ளிச்சிறுவர் பலர் அங்ஙனமே படித்தும் வந்தனர். சாமிநாதையரவர்கள் தம் ஆசிரியர் சரித்திரத்தில் உண்மையை எழுதிய பின்னரே பலர்க்கு அது தெரியவந்தது.

அக்காவியத்தின் தகுதி யாது என்று ஆராய்வார்க்கு ஒன்று புலனாகும். கதை சிறிது: வறிய வேதியர் ஒருவர் மனைவியின் வேண்டுகோளால் தம் பழைய நண்பராகிய அரசரைக் காணச் செல்கிறார், முடிந்துகொண்டு சென்ற அவலை அரசர் உவந்து உண்கிறார், ஒன்றுங் கேளாமலே மீள்கிறார், வீடு திரும்பிக் காணுங்கால் வறுமை நீங்கியிருக்கிறது. இச்சிறு கதையில் தமிழ்க் காவியம் தங்கி நிற்குமிடம் துவாரகையன்று, குசேலரது குடில். 27 மக்களுக்குக் கூழ் வார்க்கும் தாய், ஒரு குழந்தையைப் பார்த்தால் மற்றொன்று அழ, ஒன்றன் பங்கை மற்றொன்று பறிக்க, அவள் படும் பாடு அங்கே கண்முன் நிற்கின்றது. கந்தையின் கிழிசலும், விளையாடச் சென்ற சிறுவர் பிறர் வீட்டுப் பண்டத்தைக் கண்டு வந்து கேட்பதும், இல்லையென்று சொல்ல நாவெழாது அவள் நிற்பதும் வறுமையைக் கேட்டறிந்தவர் பாட இயலாதன, உண்டறிந்தவர் பாடுவன. துவாரகை வருணனை எந்தப் புலவருக்கும் வரும். அக்குடிலைப் பாடியவர் சோமரசம்பேட்டையில் தந்தையை இழந்து நின்ற சிறுவரே.

இத்தகைய நூலைப் பிறர்க்குக் கொடுத்தது தகுமோ என்னும் வினா எழும். தந்நலமில்லாப் பெருமை என்று போற்றி அமைவார் பலர். யாம் அவ்வளவில் அமையமாட்டேம். கொடுத்தவர் பெருமையை யாரும் மறுத்தற்கில்லை. ஏற்றவர் ஏலாதிருந்திருக்கலாம் என்பதே எம் கருத்து. பொன்னும் நெல்லும் கைமாறலாம். நூலின்மேல் ஆசிரியர் பெயர் என்பது பின்வருவார்க்கு அளிக்கும் சான்று. அது மாறுமாயின் ஏமாற்றப்படுபவர் அவ்விருவரல்லர், படிக்கும் உலகத்தார். பிள்ளையவர்களுக்கு அது தோன்றவில்லை. தோன்றாமைக்குக் காரணம், செய்யுளைத் தம் உடைமையாக அவர் ஒருநாளும் எண்ணாமையே. ஊற்றில் நீர் அள்ளுவோன் குடத்தின்மேல் தன் பெயரை எழுதிக்கொண்டால் ஊற்றுக்கு என்ன என்று இருந்துவிட்டார் போலும்.

ஆதீனத்தின் தொடர்பு நாளுக்குநாள் வலியுற்றது. ஸ்ரீ அம்பலவாண தேசிகரவர்கள் இவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தனர். இவரும் அக்குருமூர்த்திகள்மீது பிள்ளைத்தமிழும் கலம்பகமும் பாடி வழிபட்டார். 1869இல் அவர்கள் பரிபூரணம் எய்திய பின் பீடத்தில் எழுந்தருளிய மேலகரம் ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகரவர்கள் தாமும் பெரும்புலமை வாய்ந்தவர்கள்; இசையும் வடமொழியும் அறிந்தவர்கள்; பிள்ளையவர்கள்பால் வைத்த அன்பு அளவிறந்தது. மடத்தில் அன்னமும் சுவடியும் குறைவின்றி இருந்தமையால், பாடங்கேட்போர் கூட்டம் பெருகிற்று. பிள்ளையவர்கள் இல்லையெனின் அம்மடம் அக்காலத்துத் தமிழ்க் கழகமாயிராது; மடம் இல்லையெனின் பிள்ளையவர்கள் பாடசாலையை அவ்வளவினதாக நடத்தியிருத்தலும் இயலாது. இவ்விரண்டனுள் ஒன்றையே சொல்லி மற்றொன்றை மறைத்து எழுதுவார் உளர்.

1860ஆம் வருடத்தளவில் பிள்ளையவர்கள் மாயூரத்தில் வந்து குடியேறினார். அங்கே முன்சீப் வேலையிலிருந்த வேதநாயகம் பிள்ளை, 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் முதற் கற்பனைக் கதைநூலை வெளியிட்டவர்; கிறிஸ்து மதத்தினர். இவ்விருவரும் உயிர்நண்பர். வேதநாயகம் பிள்ளை சீகாழியில் உத்தியோகத்தில் இருந்தபோது அவர் வேண்டுகோளாற் சீகாழிக்கோவை பாடப்பெற்றது. அவரையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க்கோவை என்னும் நூலும் பாடினார். சிவதலத்துக்குக் கோவை பாடும்படி கேட்டவர் கிறிஸ்தவ நீதிபதி என்பது இக்காலத்துச் சிலர்க்கு வியப்பாகலாம். அக்காலத்து மாயூரத்தில் அதனை யாரும் வியந்ததாகத் தெரியவில்லை.

அவ்வூரில் வாழ்ந்த மற்றொரு பெரியார் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி இவரிடம் பலமுறை வந்தார். பிள்ளையவர்கள் ஏதேனும் ஒன்று கூறித் தவிர்த்தே வந்தார். கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் காணப்பட்டமையும், திருத்தொண்டர் புராணத்தில் இல்லாத நிகழ்ச்சிகள் கதையில் இடம்பெற்றமையும் அவர் உள்ளத்தை உறுத்தின. ஒருநாள் நண்பகலில் வந்த பாரதியார், பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்கக் கண்டு, திண்ணையிலிருந்து தம் பாட்டைத் தாமே பாடத் தொடங்கினார். அடியவரின் ஏக்கம் நிறைந்த அவ்விசை உள்ளே சென்றது. பிள்ளையவர்கள் எழுந்து வந்தார், கண்ணீர் பெருகி நின்றார், சிறப்புப்பாயிரமும் அளித்தார். இவர் இசையில் ஈடுபாடில்லாதவர் என்பது யாவரும் அறிந்தது. வழு வழுவே, அதனைப் பொறுக்கவும் ஓரிடம் உண்டு என்று அன்று கண்டார். இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி இலக்கணமே வேண்டாவென்று வாதிப்பார்க்கு, பிள்ளையவர்கள் தம் மாணாக்கரின் செய்யுளில் ஒரு மோனை தவறினும் விடாது திருத்தியதையும் நினைவூட்டுவோம்.

இனி இவர் பாடிய புராணங்களைப் பற்றிச் சொல்லல் வேண்டும். ஓரூர்ச் செல்வரோ, கோயிலதிகாரியோ, கட்டளைத் தம்பிரானோ விரும்பி அழைப்பர். வடமொழித் தலமான்மியத்தை அம்மொழி வல்லார் ஒருவர் தமிழ் வசனமாக மொழிபெயர்த்துக் கொடுப்பர். பிள்ளையவர்கள் அதனை ஒருமுறை கேட்டு, படலங்களை மனத்திலேயே வகுத்துக்கொள்வார். பின்னர் ஏடும் எழுத்தாணியுமாக ஒருவர் முன்னிருக்க, இவர் சொல்லிக்கொண்டே செல்வார். சொன்ன செய்யுளை மீட்டுச் சொல்லுதலும் திருத்துதலும் அரிய. எழுதுவார் கை சலிக்கும். இவர் வாக்குச் சலியாது. இடையே வந்தவரோடு உரையாடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினும் தொடர்பு அறாது. இவ்வாறு உண்டானவை திருநாகைக்காரோணப் புராணம், திருக்குடந்தைப் புராணம், மாயூரப் புராணம், உறையூர்ப் புராணம், திருப்பெருந்துறைப் புராணம் முதலாயின.

இவற்றை வேண்டுவோர் வேண்டியபடி செய்த நூல்கள் என்றும், ஒன்று படித்தால் யாவும் படித்தபடி என்றும் ஒதுக்குவார் 20ஆம் நூற்றாண்டில் மிகுந்தனர். இதற்கு மேற்கோளாக ஒரு நிகழ்ச்சியும் காட்டுவர்: 1880இல் சாமிநாதையரவர்கள் சேலம் இராமசாமி முதலியாரைக் கும்பகோணத்திற் கண்டு, தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொல்லியபோது, அவற்றால் என்ன பயன் என்று முதலியார் வினவி, சீவகசிந்தாமணியின் பக்கம் அவர் கருத்தைத் திருப்பினார் என்பது. நிகழ்ச்சி மெய்யே. அதிலிருந்து கொள்ளும் முடிபே பொய். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தவருக்கு, சிதைந்த ஏட்டில் எழுத்தின்றிக் கிடந்த இடத்தில் இன்ன சொல்லே நிற்றல் கூடும் என்று உணரும் செவியை யார் கொடுத்தார்? யமகமும் திரிபும் நூற்றுக்கணக்காக நெட்டுருச்செய்த பயிற்சியன்றோ கொடுத்தது? ஆசிரியர் வெட்டிக் கொடுத்த வாய்க்காலிலேயே பழைய நீர் பாய்ந்தது.

புராணங்கள் யாவும் ஒரே தரத்தன என்று யாம் கூறவில்லை. நாட்டுப்படலமும் நகரப்படலமும் ஒன்றில் வந்தவாறே மற்றொன்றிலும் வருதல் உண்டு. விரைவிற் பாடியவற்றில் சொற்பொலிவு மட்டும் நின்று பொருள் மெலிந்த இடங்களும் உண்டு. எனினும், சித்தாந்தம் பயின்றார்க்கு இவற்றுள் ஒரு தனியின்பம் காத்திருக்கின்றது. வயலும் ஆறும் சோலையும் வருணிக்குமிடத்து, மலமறைப்பு, இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்னும் சாத்திரப் பொருள்கள் உவமையாய் வந்து பொருந்தும். சிவஞானபோதத்தையும் சித்தியாரையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் அவ்வுவமையைக் கண்டவுடன் தம் வீட்டுப் பொருளைப் பிறரூர்ச் சந்தையிற் கண்டாற்போல் மகிழ்வர். பயிலாதார்க்கு அது வெறும் வயல். இந்நூல்கள் படிப்பாரின்றிக் கிடத்தற்குக் காரணம் நூலின்கண் உள்ளதா, படிப்பார்கண் உள்ளதா என்று நம் பாடசாலைகளில் ஆராயலாம். சேக்கிழார் பிள்ளைத்தமிழ் ஒன்றையேனும் பருவந்தோறும் பொருளறிந்து படித்தவர், இவரைக் கூலிக்குப் பாடியவர் என்று சொல்லார்.

1871இல் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரவர்களின் மைந்தர், 16 வயதினர், மாயூரத்தில் இவரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். அவருக்கு வழங்கிவந்த வேங்கடராமன் என்னும் பெயரை விடுத்துச் சாமிநாதன் என்னும் பெயரால் அழைத்தவர் பிள்ளையவர்களே. இசைப்பயிற்சி தமிழ்ப்பயிற்சிக்கு இடையூறென்று ஆசிரியர் கருதுவதை உணர்ந்து, பாரதியாரிடம் கேட்டுவந்த இசையை அம்மாணாக்கர் நிறுத்திக்கொண்டார். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரஞ்செடிகளை வைத்து வளர்த்து, காலைதோறும் தளிர் விட்டிருக்கிறதா என்று சென்று பார்ப்பது வழக்கம். அதனை அறிந்த சாமிநாதையர் விடியுமுன் எழுந்து, எந்தச் செடியில் எங்கே புதுத்தளிர் தோன்றியது என்று முன்னரே பார்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வரும்போது காட்டுவார். அம்மகிழ்ச்சியிலேயே அன்றைப் பாடம் தொடங்கிவிடும். பரதேசியின் உவப்பை எதிர்நோக்கி நின்ற சிறுவர் ஆசிரியரான பின், அவரது உவப்பை நாடி வந்தவன் கொணரவேண்டியது ஒரு தளிரே.

இவ்வளவு பெற்றும் பிள்ளையவர்கள் வறியராகவே இருந்தார். அரங்கேற்றங்களிற் சால்வையும் பொன்னும் வந்தன. வந்த வழியே சென்றன. உடனுண்ணும் மாணாக்கர் பலர். வரும் விருந்தினர் பலர். இல்லையென்னும் சொல் இவர் வாயில் எழாது. கடன் பெருகிற்று. கடனைத் தீர்க்கவே ஒரு புராணம் பாடப் புறப்படுதலும், அதில் வந்த பொருள் கையில் நில்லாமையால் புதுக்கடன் கொள்ளுதலும் மாறிமாறி நிகழ்ந்தன. பாராட்டிய செல்வர் பலருள், இவருக்கு நிலையானதொரு வருவாயை ஏற்படுத்தக் கருதியவர் மிகச் சிலரே. பல்லக்கில் ஏற்றுதல் எளிது. மாதந்தோறும் நெல் அளத்தல் அரிது. இவரும் எவரிடத்தும் தம் குறையை வாய்விட்டுச் சொல்லியவரல்லர். கேளாது மீண்ட குசேலர் கதை இவர் நாவில் அவ்வளவு இனிமையாக வந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1873இல், திருப்பெருந்துறைக் கட்டளையை மேற்பார்த்துவந்த சுப்பிரமணியத் தம்பிரானின் விருப்பத்தால், மாணிக்கவாசக சுவாமிகள் ஆட்கொள்ளப்பெற்ற அத்தலத்துக்குப் புராணம் பாடச் சென்றார். உடன்சென்ற சாமிநாதையர் ஏட்டில் எழுதினார். திருவாசகத்தில் தோய்ந்த உள்ளத்துக்கு அத்தலத்தைவிடப் பொருந்திய பாடுபொருள் வேறில்லை. புராணம் அங்கேயே அரங்கேறிற்று. இவர் இயற்றிய பெரும்புராணங்களின் வரிசையில் கடைசியில் நிற்பனவற்றுள் அஃது ஒன்று.

அதன்பின் உடல்நலம் குன்றிற்று. நடை தளர்ந்தது, உணவு குறைந்தது. மாயூரத்தை விட்டுத் திருவாவடுதுறையிலேயே தங்கினார். படுக்கையிற் கிடந்தும் பாடஞ்சொல்லுதலை விட்டிலர். எழுந்திருக்க இயலாத நாளிலும், அயலில் இருந்து படிக்கும் மாணாக்கர் ஒரு சொல்லைப் பிழையாகப் படித்தால் திருத்துவார். சுப்பிரமணிய தேசிகரவர்கள் மருத்துவத்துக்கும் பிறவற்றுக்கும் வேண்டுவன யாவும் செய்வித்தனர்.

யுவ வருடம் தை மாதம் 20ஆம் நாள், 1876ஆம் வருடம் பிப்ரவரி மாதம் 1ஆம் நாள் இரவு, இறுதி அணுகியது. திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசிக்கும்படி குறிப்பித்தார். சாமிநாதையர் கண்ணீரொடு வாசித்தார். சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பிற் சாய்த்துத் தாங்கியிருந்தார். மாணிக்கவாசகப் பெருமான் திருவாக்கு ஓர் அந்தண மாணாக்கர் நாவிலிருந்து செவியிற் புக, ஒரு கிறிஸ்தவ மாணாக்கர் மார்பின்மேல், அச்சைவப் புலவர் சிவபெருமான் திருவடி நீழலை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 61 நிரம்பவில்லை.

ஆசிரியரை இழந்து ஊர் திரும்ப எண்ணிய மாணாக்கரை ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகரவர்கள் போகவிடாது, மடத்திலேயே நிறுத்திக்கொண்டு, தாமே பாடஞ்சொல்லி வந்தனர். சாமிநாதையர் அங்கிருந்து கற்றும் கற்பித்தும் வருநாளில், கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார் திருவாவடுதுறைக்கு வந்தார். அவ்வேலையை நாடியவர் பலர். செட்டியாரோ தம் ஆசிரியர் இறுதிநாளில் உடனிருந்த அவ்விளைஞரையே தம் இடத்துக்கு உரியரென்று தேர்ந்து, தேசிகரவர்களின் இசைவும் பெற்று, 1880இல் கல்லூரிக்கு அழைத்துச்சென்று தாம் இருந்த இருக்கையில் இருத்தினார். ஆசிரியர் பிரபந்தங்களைத் தேடித் தொகுத்து 1910இல் பிரபந்தத் திரட்டாக அச்சிட்டவரும், அவர் சரித்திரத்தை 1933, 1934ஆம் வருடங்களில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டவரும் அவ்விருக்கையில் இருந்த அவரே.